கண்ணாடிக்குள் ஒரு கரை

நுழையும்முன்

நீர்வாழ்வன, நிலம்வாழ்வன என உயிர்களைப் பிரித்துக் கற்கிறோம். ஆனால், குளக்கரையில் நின்று நோக்குபவர்க்கு நீர் எங்கே முடிகிறது, நிலம் எங்கே தொடங்குகிறது என்பது எளிதில் புலப்படுவதில்லை. வல்லாரை ஈரமண்ணில் படர்கிறது. நீர்ப்பிரமி பாதி நீரிலும் பாதி வெளியிலும் தழைக்கிறது. தவளையோ இரண்டிற்கும் உரியது. அத்தகைய கரையொன்றைக் கண்ணாடிப் பேழைக்குள் அமைக்கும் கலையையும் அதன் அறிவியலையும் இப்பாடம் விளக்குகிறது.

வார்டும் அவருடைய பேழையும்

இலண்டனின் கிழக்குப் பகுதியில் மருத்துவராகப் பணியாற்றியவர் நத்தானியேல் பேக்ஷா வார்டு. பெரணிச் செடிகளை வளர்ப்பதில் அவருக்குப் பெருவிருப்பம் இருந்தது. எனினும், நகரத்து நிலக்கரிப் புகையில் அவர் நட்ட பெரணிகள் ஒவ்வொன்றாக மடிந்தன. 1829ஆம் ஆண்டு, அந்துப்பூச்சியின் கூட்டுப்புழு ஒன்றை ஈரமண் இட்ட கண்ணாடிக் குப்பியில் வைத்து மூடினார். சில நாள்களில் அம்மண்ணிலிருந்து ஒரு பெரணியும் ஒரு புல்லும் முளைவிட்டன. பகலில் மண்ணின் ஈரம் ஆவியாகிக் கண்ணாடியில் துளிகளாகப் படிந்தது. பின்னர் அது மீண்டும் மண்ணிலே வழிந்தது. நீர் ஊற்றாமலேயே அச்செடிகள் ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் உயிர் வாழ்ந்தன. குப்பியின் மூடி துருப்பிடித்த பின்னரே அவை அழிந்தன.

இதனைக் கண்ட வார்டு, மரச்சட்டமும் கண்ணாடியும் கொண்ட பேழைகளைச் செய்வித்து, 1833இல் செடிகளுடன் சிட்னிக்குக் கப்பலில் அனுப்பினார். பல மாதக் கடற்பயணத்தின் பின்னும் அவை பசுமை மாறாமல் சென்று சேர்ந்தன. அதன்பின் உலகின் வேளாண்மை வரலாறே இப்பேழைகளில் ஏறிப் பயணம் செய்தது எனலாம். சீனத்துத் தேயிலைச் செடிகள் இந்தியாவிற்கும், இரப்பர் நாற்றுகள் 1876இல் இலங்கைக்கும் இவ்வாறே வந்தன. மலேரியாவிற்கு மருந்து தரும் சின்கோனா நீலகிரிக்கு வந்ததும் இப்பேழைகளில்தான். 1860இல் உதகைக்கு வந்த முதற்தொகுதிச் செடிகள் பட்டுப்போயின. மறு ஆண்டு வந்தவை வேர்கொண்டன. நன்மையோடு தீமையும் இப்பேழைகளில் பயணம் செய்தது. ஒரு நாட்டின் செடி அந்நாட்டு மக்களின் கையை விட்டுப் பேரரசின் தோட்டப்பயிராக மாறியதற்கும் இவையே கருவி ஆயின.

வார்டு நிலத்தை மூடினார். நீரை ஆராய்ந்தவர் இராபர்ட் வாரிங்டன் என்னும் வேதியியலார். அவர், பொன்மீன் இரண்டும் வாலிஸ்னேரியா என்னும் நீர்ச்செடியும் உள்ள தொட்டியை நீர் மாற்றாமல் வைத்திருக்க முயன்றார். அழுகிய இலைகளால் நீர் கலங்கியது. நத்தைகளை விட்டார், அவை அழுகலைத் தின்றன. நத்தையின் முட்டைகள் மீன்களுக்கு உணவாயின. செடி, மீன், நத்தை ஆகிய மூன்றும் ஒன்றையொன்று தாங்கி நின்றன. வார்டின் பேழையையும் வாரிங்டனின் தொட்டியையும் ஒரே கண்ணாடிக்குள் இணைப்பதே நீர்நிலப் பேழை. சதுப்பு எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து இதனைப் ‘பலுடேரியம்’ என அழைப்பர்.

அமைக்கும் முறை

முதன்முதலில் அமைப்பவர்க்கு 60 செ.மீ. நீளமும் 45 செ.மீ. அகலமும் 45 செ.மீ. உயரமும் உடைய பேழை போதுமானது. இதனினும் சிறியதில் வெப்பமும் நீரின் தன்மையும் விரைந்து மாறிவிடும். ஆகவே, சிறிய பேழையே எளியது என எண்ணுதல் பொருந்தாது. நீளத்தில் 40 செ.மீ. நீருக்கும் 20 செ.மீ. நிலத்திற்கும் எனப் பகுத்து, இடையே 12 செ.மீ. உயரமுள்ள கண்ணாடித் தடுப்பைப் பூஞ்சைத்தடுப்பு மருந்து கலவாத சிலிக்கான் பசையால் ஒட்ட வேண்டும். பசையின் புளித்த நெடி முற்றிலும் நீங்கும்வரை நீர் ஊற்றலாகாது. 10 செ.மீ. ஆழத்திற்கு நீர் நிரப்பினால் 18 லிட்டர் கொள்ளும். கண்ணாடி, மண், கல் ஆகியவற்றையும் சேர்த்தால் எடை 50 கிலோவை எட்டும். எனவே, பேழையை வைக்கும் மேசையை முதலில் ஆராய்ந்து தேர்க. நிரப்பிய பேழையை நகர்த்துதல் கண்ணாடியை உடைப்பதற்கு ஒப்பாகும்.

நிலப்பகுதியின் அடியில் கழுவிய செங்கல் சல்லியை 4 செ.மீ. உயரத்திற்குப் பரப்புக. அதன்மேல் நைலான் வலை; வலையின்மேல் தென்னைநார்த் தூள், மணல், சிறிதளவு மரக்கரித்துண்டு ஆகியவை கலந்த மண். வேர்கள் தேங்கிய நீரில் நிற்குமானால் காற்றின்றி அழுகும். மிகுதி நீர் சல்லிக்குள் இறங்கி நிற்பதற்கே இந்த அடுக்கு.

எரு சேர்த்தால் செடி நன்கு வளரும் என்னும் எண்ணம் இங்கு இடர் விளைக்கும். அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் ‘பயோஸ்பியர் 2’ என்னும் மாபெரும் கண்ணாடி உலகம் ஏறத்தாழ 3 ஏக்கர் பரப்பில் அமைக்கப்பட்டது. 1991இல் எட்டுப் பேர் அதனுள் சென்று ஈராண்டு வாழ்ந்தனர். ஏறத்தாழ 21 விழுக்காடாக இருந்த ஆக்சிஜன் பதினாறு மாதங்களில் 14.5 விழுக்காட்டளவிற்குக் குறைந்தது. வெளியிலிருந்து ஆக்சிஜன் செலுத்த நேர்ந்தது. வளம் மிகுந்த மண்ணிலிருந்த நுண்ணுயிர்கள் ஆக்சிஜனை நுகர்ந்து கார்பன் டை ஆக்சைடை வெளியிட்டன. அதன் பெரும்பகுதியைச் செடிகள் பெறுமுன் கட்டடத்தின் கான்கிரீட் உறிஞ்சிக்கொண்டது. வல்லுநர் பலர் கூடி அமைத்த பேருலகிற்கே எருவால் இந்நிலை நேர்ந்ததெனில், மேசைமேல் உள்ள சிற்றுலகின் மண் எத்துணை மெலிந்ததாக இருத்தல் வேண்டும் என்பதை உணரலாம்.

நீருக்கடியில் கழுவிய ஆற்றுமணலும் கூழாங்கற்களும் இடுக. குழாய்நீரில் குளோரின் இருப்பின் திறந்த பாத்திரத்தில் ஒன்றிரண்டு நாள் வைத்திருந்து ஊற்றுக. சிறிய மின்னேற்றி ஒன்று நீரை நிலத்தின் விளிம்பிலுள்ள கல்லின்மீது ஏற்றிக் கசியவிட்டால் நீரில் காற்று கலக்கும். கல்லில் பாசியும் படரும். நெகிழிக் கோட்டைகளும் வண்ணக்கற்களும் கடைகளில் நிறைய உண்டு. அவை இன்றியும் கரை அழகாகவே இருக்கும்.

செடிகளைத் தேர்வதில் கரையின் இயல்பையே பின்பற்றலாம். நீருக்குள் வாலிஸ்னேரியா, விளிம்பில் நீர்ப்பிரமியும் வசம்பும், ஈரமண்ணில் வல்லாரை, நிழலான மூலையில் பெரணி. இவற்றுள் நீர்ப்பிரமி கூர்ந்து நோக்கத்தக்கது. நீருக்குள் வளர்ந்த தண்டு மேற்பரப்பைக் கடந்து காற்றைத் தொட்டதும், புதிதாக வரும் இலைகள் தடித்து மிளிர்வதைக் காணலாம். ஒரே செடி இரு சூழலுக்கும் இருவேறு இலைகளைத் தருகிறது. பேழையை நேர்வெயிலில் வைத்தல் கூடாது. கண்ணாடி வெப்பத்தை உள்ளே சிறைப்படுத்துவதால், நம் ஊர்க் கோடையில் ஒரு பிற்பகலே அனைத்தையும் வாட்டப் போதுமானது. நாள்தோறும் எட்டு முதல் பத்து மணிநேரம் எல்.இ.டி. விளக்கொளி தருவதே நன்று.

காத்திருத்தல்

பேழை அமைந்ததும் மீன்களை விட்டுவிடத் தோன்றும். தொடக்கநிலையினர் வளர்க்கும் மீன்கள் பெரும்பாலும் இந்த முதல் மாதத்திலேயே மடிகின்றன. மீனின் கழிவிலிருந்து வெளிப்படும் அம்மோனியா நச்சுத்தன்மை உடையது. ஒருவகைப் பாக்டீரியங்கள் அதனை நைட்ரைட்டாக மாற்றும், அதுவும் நஞ்சே. வேறுவகைப் பாக்டீரியங்கள் நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். அதனைச் செடிகள் உணவாகக் கொள்ளும். இப்பாக்டீரியங்கள் மணலிலும் கல்லிலும் போதிய அளவு பெருகுவதற்கு நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். மீனுணவைச் சிறிது சிறிதாக இட்டு வந்தால் அதுவே அவற்றிற்குத் தீனியாகும். மீனற்ற இந்த நாள்களில் கொசு முட்டையிடும் என்பதை மறத்தலாகாது. டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு நம் நாட்டு வெப்பத்தில் முட்டையிலிருந்து பத்து நாள்களுக்குள்ளாகவே பறக்கும் நிலையை அடைந்துவிடும். ஆதலால், காற்று புகும் நெருங்கிய வலையால் பேழையை மூடி வைக்க வேண்டும்.

ஆய்வுக் கருவியில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் இல்லை எனத் தெரிந்த பின்னர், நான்கைந்து ஆண் கப்பி மீன்களை விடலாம். பெண்மீன்களையும் விட்டால் சில மாதங்களில் பேழை கொள்ளாது. மண்ணில் வாழும் ஸ்பிரிங்டெயில் என்னும் மிகச்சிறு உயிர்கள் உதிர்ந்த இலையில் படரும் பூஞ்சையைத் தின்னும். வாரிங்டனின் நத்தை நீரில் செய்த பணியை அவை நிலத்தில் செய்கின்றன.

எவ்வுயிரை வளர்ப்பது?

இத்தகைய பேழையைக் கண்டவுடன் ‘தவளை விடலாமா? ஆமை விடலாமா?’ என்றே பலரும் வினவுவர். முதற்பேழைக்கு இரண்டும் வேண்டா. நம் நாட்டு நட்சத்திர ஆமை உள்ளிட்ட காட்டுயிர்களைப் பிடித்து வளர்த்தல் 1972ஆம் ஆண்டின் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின்படி குற்றமாகும். கடைகளில் நாணயம் போன்ற அளவில் விற்கப்படும் அமெரிக்கச் சிவப்புக்காது ஆமையோ உணவுத்தட்டளவு வளர்ந்து பல்லாண்டுகள் வாழும். வளர்க்க இயலாதோர் அதனைக் குளத்தில் விட, அது அங்குள்ள நாட்டு ஆமைகளோடு உணவுக்கும் இடத்திற்கும் போட்டியிடுகிறது. தவளைகளைப் பொறுத்தவரை இடர் இன்னும் பெரியது. கைட்ரிட் என்னும் தோல்பூஞ்சை நோய், உலகில் 500க்கும் மேற்பட்ட இருவாழ்வி இனங்களைக் குறையச் செய்தது என்றும், அவற்றுள் ஏறத்தாழ 90 இனங்கள் அற்றுப்போயிருக்கலாம் என்றும் 2019இல் வெளிவந்த ஆய்வு கணித்தது. அந்நோய் நாடுகளுக்கிடையே பரவியதில் உயிர் வணிகத்திற்குப் பெரும்பங்கு உண்டு.

பேழையிலிருந்து வெளியேற்றும் நீரைக் குளத்திலோ ஓடையிலோ கொட்டலாகாது; தோட்டத்துச் செடிகளுக்கு ஊற்றலாம். கத்தரித்த நீர்ச்செடிகளை வெயிலில் நன்கு உலர்த்திய பின்னரே குப்பையில் இடவேண்டும். அழகுக்காகக் கொண்டுவரப்பட்ட ஆகாயத்தாமரை இன்று நம் ஏரிகளை மூடிக் கிடக்கிறது.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊர்க் குளத்தின் கரையில் நீருக்குள், விளிம்பில், ஈரமண்ணில் வளரும் செடிகளைக் கண்டு, அவற்றிற்கு ஊரார் வழங்கும் பெயர்களைத் தொகுக்க.

2. ஈரமண்ணும் சிறுசெடியும் இட்டு மூடிய கண்ணாடிக் குப்பி ஒன்றைக் காலை, நண்பகல், மாலை என ஒரு வாரம் நோக்கித் துளிகள் படியும் நேரத்தையும் மறையும் நேரத்தையும் குறித்துவருக.

3. ‘வார்டின் பேழையால் உலகம் பெற்றவையும் இழந்தவையும்’ – வகுப்பில் இரு குழுவாகப் பிரிந்து கலந்துரையாடுக.