ஏறாமல் அளக்கும் கலை

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

கட்டடம் கட்டுவதற்கு அளவு வேண்டும் என்பது யாவரும் அறிந்ததே. ஆனால் கட்டி முடித்த கட்டடத்தை அளப்பது அதனினும் கடினம் என்பதைப் பலர் அறியார். என் தந்தையார் கொத்தனார். தூக்குக்குண்டும் ரசமட்டமும் மூலமட்டமும்தாம் நான் முதன்முதல் கண்ட அறிவியல் கருவிகள். நான் எட்டாம் வகுப்பில் படித்தபோது, ஒரு பழைய மாடிக் கட்டடத்தின் முகப்பை அளக்கச் சாரத்தில் ஏறிய அவர் தவறி விழுந்தார். வலக்கால் முறிந்தது. ஆறு மாதம் வேலை இல்லை. அன்று முதல் என் உள்ளத்தில் ஒரு கேள்வி: ஏறாமலே அளக்க முடியாதா? அதற்கு அறிவியல் தரும் விடையை நான் கற்ற அளவில் இங்கே கூற முற்படுகிறேன்.

விழவிருந்தவர் கண்ட வழி

இதே கேள்வி 1858ஆம் ஆண்டிலேயே ஒருவருக்கு எழுந்தது. ஜெர்மனியின் வெட்ஸ்லர் நகரத் தேவாலயத்தை அளந்துகொண்டிருந்த ஆல்பிரெக்ட் மைடன்பௌவர் என்ற இளைஞர் உயரத்திலிருந்து விழவிருந்து தப்பினார். கட்டடத்தை நேரில் அளப்பதற்குப் பதிலாக அதன் நிழற்படத்தை அளந்தால் என்ன என்ற எண்ணம் அவருக்கு அப்போது பிறந்தது. இரண்டு இடங்களிலிருந்து ஒரே கட்டடத்தைப் படமெடுக்கிறோம் என்று கொள்வோம். ஒவ்வொரு படத்திலும் சன்னலின் ஒரு மூலை எத்திசையில் தெரிகிறது என்று குறித்து, அத்திசைகளில் இரு கோடுகள் வரைந்தால், அவை சந்திக்குமிடமே அம்மூலை. பள்ளியில் படித்த முக்கோணவியல்தான் இது. 1885இல் பிரஷ்ய அரசு இம்முறைக்கென்றே ஒரு நிறுவனத்தை அவர் தலைமையில் அமைத்தது. இன்று நூற்றுக்கணக்கான படங்களை ஒப்பிட்டு இதே கணக்கைக் கணிப்பொறி செய்கிறது.

ஒளியே அளவுகோல்

இரண்டாவது முறை லேசர் முறை. கருவி சுவரை நோக்கி ஓர் ஒளித்துடிப்பை அனுப்புகிறது. அது பட்டுத் திரும்பும் நேரத்தை ஒளியின் வேகத்தால் பெருக்கி இரண்டால் வகுத்தால் தூரம் கிடைக்கும். சொல்வதற்கு எளிது. ஆனால் 15 மீட்டர் தொலைவிலுள்ள சுவருக்கு ஒளி போய்வர ஆகும் நேரம் ஏறத்தாழ 100 நானோ வினாடிதான். ஒரு சென்டிமீட்டர் வேறுபாட்டை அறிய வேண்டுமானால் 67 பிகோ வினாடியைப் பிரித்தறிய வேண்டும்!

ஆகவே சில கருவிகள் வேறு வழியை மேற்கொள்கின்றன. ஒளியின் செறிவை வினாடிக்கு ஒரு கோடி முறை ஏற்றி இறக்கினால் அதன் அலைநீளம் 30 மீட்டர். திரும்பி வரும் அலை கால் சுற்று பின்தங்கினால், ஒளி போய்வந்த பாதை 7.5 மீட்டர், சுவரின் தூரம் 3.75 மீட்டர். ஆனால் 15 மீட்டரைத் தாண்டியவுடன் அதே கட்டம் மீண்டும் வந்துவிடும். எனவேதான் பல அதிர்வெண்களைச் சேர்த்துப் பயன்படுத்துகிறார்கள்.

தூரம் மட்டும் போதாது, திசையும் வேண்டும். உள்ளே சுழலும் கண்ணாடி ஒளியை மேலும் கீழும் செலுத்த, கருவி பக்கவாட்டில் மெல்லத் திரும்புகிறது. ஏற்றக்கோணம் 30 பாகை, தூரம் 20 மீட்டர் என்றால், சைன் கொண்டு உயரம் 10 மீட்டர் என்றும், கொசைன் கொண்டு கிடைத்தூரம் 17.32 மீட்டர் என்றும் அறியலாம். கருவியின் உயரம் 1.5 மீட்டரைச் சேர்த்தால் அப்புள்ளி தரையிலிருந்து 11.5 மீட்டர். இவ்வாறு இலட்சக்கணக்கில் திரளும் புள்ளிகளைப் 'புள்ளி மேகம்' என்பர்.

மேகம் கட்டடமாவது எப்படி?

தூணுக்குப் பின்னால் இருப்பதை ஒளி காணாது. ஆகையால் கருவியைப் பல இடங்களில் நிறுத்தி அளக்க வேண்டும். ஒரே நேர்கோட்டில் அமையாத மூன்று பொதுப் புள்ளிகள் தெரிந்தால் ஒரு மேகத்தை மற்றொன்றுடன் பொருத்திவிடலாம். பிறகு, ஒவ்வொரு புள்ளிக்கும் அருகிலுள்ள புள்ளியைத் தேடி, இடைவெளி குறையுமாறு மீண்டும் மீண்டும் நகர்த்தி, பொருத்தத்தைத் திருத்துவர். 1992இல் பெஸ்ல், மெக்கே ஆகிய இருவர் வெளியிட்ட முறை இது. இறுதியில் புள்ளிகளைச் சிறு சிறு முக்கோணங்களாக இணைத்தால் முப்பரிமாண உருவம் கணிப்பொறியில் எழுந்து நிற்கும்.

பாரிஸ் நகரப் படிப்பினை

இதன் பயனை உலகம் கண்டது நோத்ர தாம் தேவாலயத்தில். அமெரிக்காவின் வாசர் கல்லூரிக் கலை வரலாற்றுப் பேராசிரியர் ஆண்ட்ரூ டாலன் 2010இல் அங்கே 50க்கும் மேற்பட்ட இடங்களில் கருவியை நிறுத்தி, 100 கோடிக்கும் மேலான புள்ளிகளைத் திரட்டினார். பழங்காலக் கொத்தர்கள் எவ்வாறு கட்டினர் என்று ஆராய்வதே அவர் நோக்கம். 2018இல் அவர் காலமானார். அடுத்த ஆண்டு, 2019 ஏப்ரல் 15 அன்று, தேவாலயக் கூரை தீக்கிரையாகி ஊசிக்கோபுரம் சரிந்தது. அவர் விட்டுச்சென்ற அளவுகள் சீரமைப்போருக்குத் துணை நின்றன. 2014இல் ரெமி ஃப்ரோமோன், செட்ரிக் டிரான்ட்சோ என்ற இரு கட்டடக் கலைஞர்கள் கூரையின் மரச்சட்டத்தை அளந்து வரைந்திருந்த படங்களும் உதவின. ஆயினும் ஓக் மரங்களைக் கோடரியால் செதுக்கிச் சட்டமாக்கியவர்கள் தச்சர்களே. 2024 டிசம்பரில் தேவாலயம் மீண்டும் திறக்கப்பட்டது.

கருவிக்கும் எல்லை உண்டு

கண்ணாடியில் லேசர் ஊடுருவிச் செல்லும். முகம் பார்க்கும் ஆடியில் ஏமாறும். எல்லாவற்றிற்கும் மேலாக, அது மேற்பரப்பை மட்டுமே அறியும். என் தந்தையார் கரணைப் பிடியால் சுவரைத் தட்டி, ஓசையைக் கொண்டே உள்ளே பூச்சு விட்டிருக்கிறதா என்று சொல்லிவிடுவார். புள்ளி மேகம் அதைச் சொல்லாது.

இக்கட்டுரையை எழுதுமுன் அவரிடம் இவற்றையெல்லாம் விளக்கினேன். இந்தக் கருவி வந்தால் உங்கள் பிழைப்பு என்னாகும் என்று கேட்கத்தான் நினைத்தேன். அவரோ, "அந்த மிஷினுக்குச் சாரம் கட்ட வேண்டாமா கண்ணு?" என்று கேட்டார். "வேண்டாம்பா, கீழே நின்னே அளந்துடும்" என்றேன். சற்று நேரம் காலைத் தடவிக்கொண்டிருந்துவிட்டு, "அப்ப நல்ல மிஷின்தான். சீக்கிரம் நம்ம ஊருக்கும் வரட்டும்" என்றார்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான். அறிவியல் யாருக்காக என்று என்னை எவரேனும் கேட்டால், சாரத்தில் ஏறுபவர் பத்திரமாக வீடு திரும்புவதற்காகவும்தான் என்பேன். அத்தகைய கருவிகளைக் கற்கவும், ஒருநாள் நாமே ஆக்கவும் முயல்வோமாக!