எந்தக் கேள்விக்கு எந்தக் கணக்கு: நர்சிங் மாணவிகளுக்கு ஒரு வழிகாட்டி

பூந்தமல்லி நெடுஞ்சாலையை விட்டு நூம்பலுக்குள் திரும்பினால், நர்சிங் மாணவிகள் கண்ணில் படாத நாள் குறைவு. போரூர், வேலப்பன்சாவடி, தண்டலம் என்று சுற்றிலும் மருத்துவக் கல்லூரிகளும் நர்சிங் கல்லூரிகளும்தான். இறுதியாண்டு வந்துவிட்டால் கையில் கேள்வித்தாள் கட்டு ஏறிவிடும். அறுபது பேரிடம் நிரப்பி வாங்க வேண்டும். நிரப்பிய கட்டோடு என்னிடம் வருகிறவர்கள் முதலில் கேட்பது பெரும்பாலும் இதைத்தான்: "மேடம், இதுக்கு எந்த டெஸ்ட் போடணும்?"

கேட்க வேண்டிய கேள்விதான், ஆனால் தாமதமாகக் கேட்கிறார்கள். தாளை அச்சுக்குக் கொடுப்பதற்கு முன்பே பாதி விடை முடிவாகிவிடுகிறது. அதனால் டெஸ்டின் பெயரிலிருந்து தொடங்காமல், நீங்கள் எதை எழுதிக்கொண்டு வருகிறீர்கள் என்பதிலிருந்து தொடங்குவோம்.

கர்ப்பிணிகளிடம் ரத்தசோகை பற்றி ஆய்வு என்று வையுங்கள். தாளில் 'ரத்தசோகை உண்டு / இல்லை' என்று இரண்டு கட்டம் போடலாம், அல்லது ஹீமோகுளோபின் அளவையே எழுதலாம். கட்டம் போட்டால் வேலை சுலபம். ஆனால் 10.9 உள்ளவரும் 6.5 உள்ளவரும் ஒரே கட்டத்தில் போய் உட்கார்ந்துவிடுவார்கள். கர்ப்பிணிக்கு 11-க்குக் கீழே போனாலே ரத்தசோகைதான் என்றாலும், இந்த இரண்டு பெண்களுக்கும் நர்ஸ் செய்ய வேண்டியது ஒன்றல்ல. எண்ணை எழுதியிருந்தால் பிறகு எப்போது வேண்டுமானாலும் கட்டமாகப் பிரித்துக்கொள்ளலாம். கட்டத்திலிருந்து எண்ணைத் திரும்ப எடுக்க முடியாது. ஆகவே அளக்கக்கூடியது எதுவானாலும் எண்ணாகவே எழுதுங்கள்.

2022-இல் தமிழ்நாட்டில் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டத்தைப் பாருங்கள். நோயாளியின் உயரம், எடை, மூச்சு எண்ணிக்கை, ஆக்சிஜன் அளவு எல்லாம் எண்கள். துணையின்றி எழுந்து நிற்க முடிகிறதா என்பது ஆம் அல்லது இல்லை. எது எண், எது கட்டம் என்பதை அளக்கும் பொருளே சொல்லிவிடுகிறது. லேப் இல்லாத இடத்திலும், யாரை உடனே வார்டில் சேர்க்க வேண்டும் என்று இந்தச் சில அளவுகளை வைத்து முடிவெடுக்கிறார்கள்.

அடுத்தது, எண்களை எப்படிச் சுருக்கிச் சொல்வது. ஒரு புறநோயாளிப் பிரிவில் ஒன்பது பேர் காத்திருந்த நிமிடங்கள் 10, 12, 15, 15, 20, 20, 25, 30, 150 என்று வைத்துக்கொள்வோம். சராசரி 33 நிமிடம். ஆனால் ஒன்பதில் எட்டுப் பேர் அதைவிடக் குறைவாகத்தான் காத்திருந்தார்கள்! வரிசைப்படுத்தி நடுவில் நிற்பவரை எடுத்தால் 20 நிமிடம். இதுதான் இடைநிலை அளவு. காத்திருப்பு நேரம், ஆஸ்பத்திரியில் தங்கிய நாட்கள், குடும்ப வருமானம், கைச்செலவு ஆகியவற்றில் ஒன்றிரண்டு பேர் எங்கோ தள்ளி நிற்பார்கள். அங்கெல்லாம் இடைநிலையைத் தேர்ந்தெடுங்கள். ஹீமோகுளோபின், உயரம் போல நடுவில் குவிந்து இருபுறமும் சமமாகச் சரிகிற எண்களுக்குச் சராசரியும் திட்ட விலக்கமும் போதும்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன்: யாரோடு யாரை ஒப்பிடுவது? இங்கு வழக்கமாக நடப்பது ஒரே குழு, ப்ரீ-டெஸ்ட், நடுவில் ஒரு வகுப்பு, பிறகு போஸ்ட்-டெஸ்ட். மதிப்பெண் ஏறியிருக்கும், 'பயிற்சி பலன் தந்தது' என்று முடிவுரை எழுதியாகிவிடும். ஒரு வாரத்துக்குள் அதே கேள்வித்தாளை இரண்டாம் முறை பார்த்தால் யாருக்கும் மதிப்பெண் ஏறும். ரத்த அழுத்தம் உச்சத்தில் இருப்பவர்களாகப் பொறுக்கி எடுத்தால், நீங்கள் ஒன்றுமே செய்யாவிட்டாலும் அடுத்த முறை கொஞ்சம் இறங்கித்தான் இருக்கும். பக்கத்தில் பயிற்சி பெறாத இன்னொரு குழு இல்லாவிட்டால், ஏறியதும் இறங்கியதும் உங்களால்தானா என்று சொல்ல வழியே இல்லை.

ஒப்பிடும் குழுவின் மதிப்பை உலகத்துக்குக் காட்டிய ஆய்வு ஒன்று நம் சென்னையிலேயே நடந்திருக்கிறது. அன்று காசநோய் என்றால் சானடோரியம்தான். ஓய்வு, நல்ல சாப்பாடு, நர்ஸின் கவனிப்பு இல்லாமல் குணமாகாது என்று நம்பினார்கள். படுக்கைகளோ மிகக் குறைவு. 1956-இல் சேத்துப்பட்டில் காசநோய் மருந்துச் சிகிச்சை ஆய்வு மையம் தொடங்கியது. இன்றைய தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் அதுதான். ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்த 193 நோயாளிகளை அந்த மையம் எடுத்துக்கொண்டது. யாருக்கு வீட்டில் சிகிச்சை, யாருக்கு சானடோரியம் என்பதை டாக்டரின் விருப்பத்துக்கு விடாமல் குலுக்கல் முறையில் பிரித்தார்கள். இரு பக்கமும் அதே மருந்து, ஓராண்டு. வீட்டிலிருந்தவர்கள் மாத்திரையை ஒழுங்காக எடுக்கிறார்களா என்று சொல்லாமல் போய் எண்ணிப் பார்த்தார்கள், சிறுநீரைச் சோதித்தார்கள்.

முடிவு 1959-இல் வந்தது. ஓராண்டு முடிவில் கிருமி அடங்கியவர்கள் வீட்டில் 86 சதவீதம், சானடோரியத்தில் 92 சதவீதம். வீட்டிலிருந்தவர்களுக்குச் சாப்பாடு குறைவு, வேலை அதிகம். இருந்தும் இவ்வளவு நெருக்கம். கூட இருந்த குடும்பத்தாருக்கும் நோய் கூடுதலாகத் தொற்றவில்லை. காசநோய்ச் சிகிச்சை உலகெங்கும் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு நகர இந்த ஆய்வு காரணமானது. வீட்டில் சிகிச்சை பெற்றவர்களை மட்டும் பார்த்து '86 சதவீதம் குணம்' என்று எழுதியிருந்தால் யாரும் சானடோரியத்தைக் கைவிட்டிருக்க மாட்டார்கள்.

இந்த 86-உம் 92-உம் இன்னொரு தேர்வையும் கற்றுத்தருகின்றன: பி மதிப்பா, நம்பக வீச்சா? ஒரு பக்கத்துக்கு நூறு பேருக்கும் குறைவு என்பதால், 6 புள்ளி வித்தியாசம் இரு திசையிலும் சுமார் 9 புள்ளி நகரக்கூடும். அதாவது உண்மையான வித்தியாசம் மைனஸ் 3 முதல் பிளஸ் 15 வரை எங்கும் இருக்கலாம். இந்த எல்லைதான் நம்பக வீச்சு. பி மதிப்பு 0.05-ஐத் தாண்டிவிடும், மாணவி 'வித்தியாசம் இல்லை' என்று எழுதிவிடுவார். அது தவறு. 'வித்தியாசம் இருப்பதாக நிரூபணமாகவில்லை' என்பதுதான் சரி. எவ்வளவு பெரிய வித்தியாசம் இன்னும் ஒளிந்திருக்க இடமுண்டு என்பதை வீச்சு சொல்கிறது, பி மதிப்பு சொல்வதில்லை. இரண்டில் ஒன்றுதான் எழுத இடம் என்றால் வீச்சை எழுதுங்கள்.

இனி டெஸ்ட் பெயர்கள். இவை எளிது. அதே ஆளிடம் இரண்டு முறை அளந்திருந்தால் பேர்டு டி டெஸ்ட். வேறு வேறு ஆட்கள் கொண்ட இரண்டு குழு என்றால் அன்பேர்டு. சராசரிக்குப் பதில் இடைநிலையைத் தேர்ந்தெடுத்த எண்களுக்கு முன்னதில் வில்காக்சன், பின்னதில் மான்-விட்னி. கட்டங்களை எண்ணி ஒப்பிட கை ஸ்கொயர். எதிர்பார்ப்பு எண்ணிக்கை 5-க்குக் கீழே போகும் கட்டங்கள் இருந்தால் ஃபிஷர் எக்ஸாக்ட்.

கை ஸ்கொயர் பற்றி ஒரு வேண்டுகோள். வயது, மதம், உணவுப் பழக்கம், படிப்பு என்று பத்துத் தகவல்களை வரிசையாகப் போட்டு ஒவ்வொன்றுக்கும் தொடர்பு தேடும் பழக்கத்தை விடுங்கள். உண்மையில் எந்தத் தொடர்பும் இல்லாவிட்டாலும், பத்து முறை தேடினால் ஒன்றாவது 0.05-க்குக் கீழே வந்து நிற்க ஏறக்குறைய 40 சதவீத வாய்ப்பு உண்டு. வைவாவில் அந்த ஒன்றுக்கு விளக்கம் சொல்லத் தடுமாறிய பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன், மனசு கஷ்டமாக இருக்கும். காரணம் சொல்லத் தெரிந்த இரண்டு மூன்றை மட்டும் முன்கூட்டியே எழுதி வையுங்கள்.

எத்தனை பேர் வேண்டும்? அறுபது என்பது வழக்கம், கணக்கல்ல. விகிதம் பாதிக்குப் பாதி என்று கொண்டால், 10 புள்ளி பிழை போதுமென்றால் 100 பேர், 5 புள்ளிதான் வேண்டுமென்றால் 400 பேர். பிழையைப் பாதியாக்க நான்கு மடங்கு ஆள் வேண்டும். ஆனால் எண்ணிக்கையைவிட யார் விடுபடுகிறார்கள் என்பதுதான் என் கவலை. மத்தியானம் இரண்டு மணிக்கு நூம்பலில் கதவைத் தட்டினால் திறப்பவர்கள் வீட்டிலிருக்கும் பெண்களும் பெரியவர்களும்தான். அம்பத்தூர், திருமழிசை தொழிற்பேட்டைகளுக்கு ஷிஃப்ட் போனவர்கள் உங்கள் சர்க்கரை நோய்க் கணக்கில் வரவே மாட்டார்கள். நானூறு பேரை அப்படிச் சேர்ப்பதைவிட, வீட்டுப் பட்டியலில் குலுக்கி எடுத்த நூறு வீட்டுக்கு ஞாயிற்றுக்கிழமையும் சாயங்காலமும் போவது மேல்.

தாள் அச்சாகும் முன் ஒரு மாலை ஒதுக்கி, முடிவு அத்தியாயத்தில் வரப்போகும் அட்டவணைகளை எண் இல்லாமல் வெறுமையாக வரைந்து கைடிடம் காட்டுங்கள். நிரப்ப முடியாத கட்டம் அப்போதே தெரிந்துவிடும். மேலும் படிக்க ஆசையிருந்தால் வெகுதூரம் போக வேண்டாம். ஆயப்பாக்கத்தில் இருக்கும் தேசிய தொற்றுநோயியல் நிறுவனம், ஆவடியிலிருந்த தொழுநோய்க் களப்பிரிவும் சென்னையின் மருத்துவப் புள்ளியியல் ஆராய்ச்சி நிறுவனமும் 1999-இல் இணைந்து உருவானது. அது ஆன்லைனில் நடத்தும் 'ஹெல்த் ரிசர்ச் ஃபண்டமென்டல்ஸ்' பாடத்தில், தாள் கட்டைக் கையில் எடுப்பதற்கு முன்பே சேர்ந்துவிடுங்கள்.