சௌராஷ்டிரக் கரையில் குளிர்காலப் பும்லா மீன்பிடிப்பு

‘பம்பாய் வாத்து’ என்னும் பெயரால் பலரும் அறிந்தது ஒரு மீனே ஆகும். குஜராத்தியர் இதனைப் ‘பும்லா’ என்றும், மராத்தியர் ‘பொம்பில்’ என்றும் வழங்குவர். குஜராத், மகாராட்டிரக் கரைகளில் இது பெருவாரியாகக் கிடைக்கின்றது. கிழக்கே வங்காளம், ஒடிசா, ஆந்திரத்தின் வடபகுதி ஆகிய கரைகளிலும் உண்டு. இடைப்பட்ட தென்கரைகளில் மிக அரிது. சௌராஷ்டிரத்தின் தென்கிழக்குக் கரையிலுள்ள ஜாப்ராபாத், நவாபந்தர், ராஜ்பாரா முதலிய ஊர்களில் ஆண்டின் பெரும்பிடிப்பு, மழைக்காலம் ஓய்ந்த பின்னர்ச் செப்டம்பர் முதல் சனவரி வரை அமைகின்றது.

கடலும் வலையும்

இக்கரையை அடுத்துள்ள காம்பே வளைகுடாவில் ஓதத்தின் வேகம் மிகுதி. வளைகுடாவின் மேற்பகுதியில், அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில், நீர்மட்டம் 10 மீட்டர் அளவுக்கு உயர்ந்து தாழும். இவ்வாற்றலையே மீனவர் தமக்குத் துணையாகக் கொண்டனர். இங்கு வழங்கும் ‘டோல்’ வலை கூம்பு வடிவான ஒரு பெரும் பை. அதன் அகன்ற வாயை நீரோட்டத்திற்கு எதிர்முகமாக வைத்துக் கயிறுகளாற் பிணித்து நிறுத்துவர். வலை மீனைத் துரத்துவதில்லை. ஓட்டமே மீனைக் கொணர்ந்து பையினுள் செலுத்துகின்றது. ஓட்டம் தணிந்து திசை மாறும் வேளையில் பையின் அடிமுனையை உயர்த்தி அவிழ்த்து, மீனைப் படகிற் கொட்டுவர். ஆகவே இங்குத் தொழில் நாட்களை வகுப்பது சந்திரனே. அட்டமியை ஒட்டிய நாட்களில் ஓட்டம் தளர்வதால் பிடிப்பும் குறையும்.

உலர்த்தும் முறை

பும்லாவின் உடல் மிக மெல்லியது; அதன் எடையில் 100க்கு ஏறத்தாழ 90 பங்கு நீரே. பிடித்த சிறிது நேரத்தில் கெடத் தொடங்கும். ஆதலின் பெரும்பகுதி கருவாடாக்கப்படுகின்றது. உப்பிடுதல் இல்லை. இரண்டிரண்டு மீன்களின் தாடைகளை ஒன்றோடொன்று கோத்து, மரக்கால்களுக்கு இடையே கட்டிய கொடிகளின்மேல் தொங்கவிடுவர். வளைந்த கூரிய பற்கள் அவற்றை நழுவாது பற்றிக்கொள்ளும்.

இவ்விடத்தில்தான் குளிர்காலத்தின் அருமை புலனாகின்றது. நிலப்புறத்திலிருந்து வீசும் உலர்ந்த காற்றும் தெளிந்த வெயிலும் சேர்ந்து ஈரத்தை விரைவில் நீக்குகின்றன. கருவாட்டில் 100க்கு 15 பங்கு நீர் எஞ்சுமாயின், 100 கிலோ பச்சை மீனிலிருந்து கிடைப்பது ஏறக்குறைய 12 கிலோ மட்டுமே. பருவந்தவறி மேகம் மூடிச் சில நாள் மழை தூறினால், கொடியில் தொங்கும் மீன் பூசணம் பிடித்துப் பயனற்றுப்போகும். கடல் நிறையக் கொடுத்தும் குடும்பம் வெறுங்கையோடு நிற்க நேரும்.

கருதத்தக்கவை

டோல் வலையின் கண்கள் வாயிலிருந்து அடிமுனை நோக்கிச் செல்லச்செல்லச் சிறுத்துவிடுகின்றன. எனவே முதிர்ந்த பும்லாவோடு அதன் குஞ்சுகளும், கூனி இறால் போன்ற சிற்றிறால்களும் அகப்படுகின்றன. இச்சிற்றிறால்கள் பும்லாவின் முக்கிய உணவு என்பது நினைவிற் கொள்ளத்தக்கது. இங்ஙனம் ஒரே வலை அடுத்த பருவத்தின் மீனையும் அம்மீனின் இரையையும் ஒருங்கே வாரிவிடுகின்றது. அடிமுனைக் கண்ணைச் சற்றே பெரிதாக்கினால் குஞ்சுகள் தப்பும். ஆனால் சிற்றிறாலும் விற்பனைப் பொருளாதலின், அன்றைய வருவாயில் ஒரு பகுதியை மீனவர் இழக்க நேரிடும். இவ்விழப்பை யார் ஏற்பது என்பதே சீர்திருத்தத்தின் கடினமான பகுதி.

ஆகவே இப்பருவத்தின் பலனைக் கரைக்கு வந்த மீனின் எடையைக் கொண்டு மட்டும் மதிப்பிடுதல் பொருந்தாது. பிடித்ததில் குஞ்சுகள் எத்துணை, கொடியில் நன்கு உலர்ந்தது எத்துணை என்னும் இரு கணக்குகளையும் உடன்வைத்து நோக்குதல் வேண்டும். முன்னது வரும் ஆண்டின் மீன்வளத்தையும், பின்னது இவ்வாண்டின் ஊதியத்தையும் காட்டும்.