இறையியலில் முதுகலை படிக்க எண்ணும் மாசாய் இளைஞருக்கு

மாசாய், ஜொகூர்

கிறிஸ்துவுக்குள் அன்பான தம்பிக்கு,

சபையின் அன்றாடப் பணியில் எழும் சிக்கல்களை வேதத்தின் வெளிச்சத்தில், மனித வாழ்வை ஆராயும் பிற துறைகளின் துணையோடு ஆராய்வதே நடைமுறை இறையியல். பிரசங்கம், வழிபாடு, கிறிஸ்தவக் கல்வி, ஆலோசனைப் பணி, சமூகப் பணி எல்லாம் இதற்குள் அடங்கும். ஜெர்மானிய இறையியலாளர் ஷ்லையர்மாகர் 1811-இல் வெளியிட்ட சிறு நூலில் இதை இறையியல் கல்வியின் மகுடமாக வைத்தார். ஆனால் கல்லூரிகளில் நெடுங்காலம் இது, மற்றப் பாடங்களை முடித்தவருக்கு மேடையில் பேசவும் சடங்கு நடத்தவும் சொல்லித்தரும் கடைசிப் பாடமாகவே இருந்தது.

அந்த நிலை மாறியதில் ஆன்டன் பாய்சனுக்குப் பெரும் பங்கு உண்டு. மனநோய்க்காக மருத்துவமனையில் இருந்து மீண்ட அமெரிக்கப் போதகர் அவர். 1925-இல் ஊஸ்டர் நகர மனநல மருத்துவமனைக்கு இறையியல் மாணவர்கள் சிலரை வரவழைத்து, நூலைப் படிக்கும் அதே கவனத்தோடு நோயாளியின் வாழ்வையும் படிக்கப் பழக்கினார். இன்றைய மருத்துவமனைப் பயிற்சி அந்த வழியில் வளர்ந்தது. மாணவர் ஒரு நோயாளியோடு பேசியதை நினைவிலிருந்து சொல்லுக்குச் சொல் எழுதி, ஆசிரியரும் சக மாணவர்களும் இருக்கும் அவையில் வைக்கிறார். நோயாளி மனம் திறக்கும் நேரத்தில் மாணவர் அவசரமாக ஜெபித்துப் பேச்சை முடித்திருந்தால், அந்தத் தாள் அதைக் காட்டிவிடும். இத்தகைய களப்பயிற்சி இல்லாத முதுகலைப் படிப்பு, எவ்வளவு பெயர் பெற்ற கல்லூரி தந்தாலும், ஊழியருக்கு அரைப் படிப்புதான்.

இறையியலாளர் ரிச்சர்ட் ஆஸ்மர் 2008-இல் எழுதிய அறிமுக நூல் நடைமுறை இறையியலின் வேலையை நான்கு கேள்விகளாக வகுக்கிறது: என்ன நடக்கிறது, ஏன் நடக்கிறது, என்ன நடக்க வேண்டும், அதற்கு என்ன செய்யலாம். மாசாய், பாசிர் கூடாங் வட்டாரத்துப் போதகர் எவரும் சந்திக்கக்கூடிய ஒரு நிகழ்வில் இவற்றைப் பொருத்திப் பார்க்கலாம். 2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி மலேசிய இந்தியர்களில் ஏறத்தாழ 6 விழுக்காட்டினரே கிறிஸ்தவர்கள். மிகப் பெரும்பாலோர் இந்துக்கள். ஒரே வீட்டில் தாய் அம்மன் கோயிலுக்கும் மகன் சபைக்கும் போவது இங்கே புதிதல்ல. அப்படியொரு வீட்டில் தந்தை இறக்கிறார். கொள்ளி வைக்க வேண்டிய மூத்த மகன் ஞானஸ்நானம் பெற்றவர். உறவினர் அவரைப் பார்க்கின்றனர். அவர் போதகரைப் பார்க்கிறார்.

என்ன நடக்கிறது என்று அறிய, அந்த வீட்டில் யார் எதற்கு அஞ்சுகிறார்கள் என்று முதலில் கேட்டறிய வேண்டும். ஏன் என்பதற்குத் தோட்டத்துத் தமிழர் வாழ்வு தெரிந்திருக்க வேண்டும்: ஈமச்சடங்கு, மகன் தகப்பனுக்குரிய கடனைத் தீர்க்கும் இடம், பிரிந்து கிடக்கும் உறவு மீண்டும் கூடும் இடம். அங்கே விலகி நிற்கும் மகனைத் தகப்பனையே மறுத்தவனாக ஊர் பார்க்கும். மூன்றாம் கேள்விதான் கடினமானது. தாய் தகப்பனைக் கனம்பண்ணும் கட்டளையும் அந்நிய வணக்கத்தை விலக்கும் கட்டளையும் ஒரே பத்துக் கட்டளைகளில் இருக்கின்றன. ஒன்றைப் பிடித்துக்கொண்டு மற்றதை மறந்துவிடும் பதில் பொறுப்பான பதில் ஆகாது. மகன் பாடையைச் சுமக்கலாமா, தீ மூட்டலாமா, கருமாதி அன்று வந்தவர்களுக்குப் பரிமாறலாமா என்பவை நான்காம் கேள்விக்கு உரியவை. சபைக்குச் சபை முடிவு வேறுபடும். ஆனால் மரண வீட்டு வாசலில், அழுகிறவரைக் காயப்படுத்தாமல், காரணம் அறிந்து முடிவு சொல்லும் திறமையைப் படிப்பு தர வேண்டும்.

கல்லூரிகளைப் பொறுத்தவரை மாசாய்க்காரருக்கு வழிகள் குறைவில்லை. சிரம்பானிலுள்ள மலேசிய இறையியல் செமினரி 1979-இல் ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், லூத்தரன் சபைகள் சேர்ந்து நிறுவியது. தமிழிலும் பயிற்சி தரும் மரபு அதற்கு உண்டு. சிங்கப்பூரின் டிரினிட்டி இறையியல் கல்லூரி 1948-இல் தொடங்கியது. ஜப்பானியர் ஆட்சியில் சாங்கி முகாமில் ஒன்றாக அடைபட்டிருந்த வெவ்வேறு சபைத் தலைவர்களிடையே பிறந்த எண்ணம் அது. ஜொகூரிலிருந்து பாலத்தைக் கடந்தால் போதும். ஆனால் கட்டணம் சிங்கப்பூர் வெள்ளியில்; ஒரு வெள்ளிக்கு மூன்று ரிங்கிட்டுக்கும் மேல்.

தமிழில் ஆழமாகப் படிக்க விரும்புவோர் மதுரை அரசரடியில் 1969 முதல் இயங்கும் தமிழ்நாடு இறையியல் கல்லூரியைக் கருத வேண்டும். செராம்பூர் பல்கலைக்கழகத்தோடு இணைந்த கல்லூரி அது. அங்கே கற்பித்த ஜே. தியோபிலஸ் அப்பாவு, மாணவர்களின் ‘பரட்டை அண்ணன்’, உழைக்கும் மக்களின் கிராமிய இசையில் வழிபாட்டு முறையையே அமைத்தார். ஒரே உலையில் பொங்கி எல்லாரும் பகிர்ந்து உண்பதில் திருவிருந்தின் பொருளைக் கண்டார். நடைமுறை இறையியலைத் தமிழில் செய்ய முடியும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று தேட வேண்டியதில்லை. ஆங்கிலத்தில் படிப்பவரும் தம் கட்டுரை ஒவ்வொன்றின் சாரத்தையும் வீட்டுக்கூட்டத்தில் தமிழில் பேசிப் பழக வேண்டும். அங்கே விளங்காதது இன்னும் சரியாகக் கற்கப்படவில்லை.

பட்டங்களில் எம்.டிவ். (மாஸ்டர் ஆஃப் டிவினிட்டி) வேறு துறையில் பட்டம் பெற்றவருக்கானது. முழுநேரமாகப் படித்தால் பொதுவாக மூன்று ஆண்டு. எம்.டிஎச். (மாஸ்டர் ஆஃப் தியாலஜி) ஏற்கெனவே இறையியல் பட்டம் பெற்றவர் ஒரு பொருளை ஆழ ஆராய்வதற்கானது. டி.மின். (டாக்டர் ஆஃப் மினிஸ்ட்ரி) பல ஆண்டு ஊழிய அனுபவத்தை எதிர்பார்க்கிறது. எதில் சேர்ந்தாலும், அதற்கு முன் இரண்டு மூன்று ஆண்டு சபையில் உழைத்திருப்பது நல்லது. கேள்வி இல்லாமல் போகிறவர் பேராசிரியரின் கேள்வியைத்தான் திரும்பக் கொண்டுவருவார்.

ஆய்வுக்குப் பொருள் தேடி வெளிநாடு போக வேண்டியதில்லை. 2019 மார்ச்சில் பாசிர் கூடாங் கிம் கிம் ஆற்றில் இரசாயனக் கழிவு கொட்டப்பட்டபோது ஆயிரக்கணக்கானோர் நோயுற்றனர்; 111 பள்ளிகள் மூடப்பட்டன. அந்த வாரங்களில் சபைகள் எதைப் பிரசங்கித்தன, யாருக்கு உதவின, யாரை மறந்தன என்பது ஒரு முழு ஆய்வுக்குப் போதும். விடியுமுன் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய் இருட்டியபின் திரும்பும் பெற்றோரின் பிள்ளைகளுக்கு ஞாயிறு பள்ளி என்ன ஆக முடியும் என்பது இன்னொன்று.

சேருமுன் மூன்றைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். அந்தப் பட்டத்தை எந்த அங்கீகார அமைப்பு ஏற்கிறது, சொந்தச் சபை அதை ஊழியத்துக்கு ஏற்குமா என்று எழுத்தில் கேட்டுப் பெறுவது முதலாவது. படிக்கும் காலத்தில் வீட்டுச் செலவை யார் தாங்குவது என்பதைக் குடும்பத்தோடு உட்கார்ந்து பேசி முடிப்பது அடுத்தது. மூன்றாவது, சபை மூப்பர்களின் பரிந்துரைக் கடிதம்; அது பெரும்பாலும் கேட்கப்படும். விண்ணப்பத்தின் கடைசி நாளுக்குப் பல வாரங்களுக்கு முன்பே அவர்களிடம் பேசிவிட வேண்டும்.

கிறிஸ்துவின் அன்பில்,
அண்ணன்