கேலரி ப்ளகின் தேடும் மகளுக்குப் பத்து அறிவுரைகள்

அன்பு மகளே,

இணையதளம் செய்து கொடுக்கும் தொழிலில் இப்போதுதான் காலெடுத்து வைத்திருக்கிறாய். முதல் வாடிக்கையாளர் ஒரு கல்யாண ஸ்டுடியோக்காரர் என்கிறாய். அவருடைய வேர்ட்பிரஸ் தளத்துக்கு எந்த கேலரி ப்ளகின் நல்லது என்று கேட்கிறாய். ஒரு பெயரைச் சொல்லிவிட்டால் என் வேலை முடிந்துவிடும். உன் வேலை முடியாது. இன்று நன்றாக ஓடும் ப்ளகின் நாளை கை மாறும், விலை ஏறும், கவனிக்க ஆளில்லாமல் போகும். அந்தக் கல்யாணப் படங்களோ பேரன் பேத்தி காலத்திலும் வேண்டியிருக்கும். இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படி.

1. முதலில் படங்களைப் பார். ப்ளகின் பட்டியலைத் திறக்கும் முன், வாடிக்கையாளரின் படங்களை வாங்கி உட்கார்ந்து பார். எத்தனை படங்கள், எத்தனை செங்குத்து, எத்தனை கிடைமட்டம், யார் பார்க்கப்போகிறார்கள் என்று குறித்துக்கொள். பல ப்ளகின்கள் முன்னோட்டப் படங்களைச் சதுரமாக வெட்டிக் காட்டும். டெமோவில் பார்க்க அம்சமாக இருக்கும். குடும்ப குரூப் போட்டோவை அப்படி வெட்டினால் பெண்ணும் மாப்பிள்ளையும் நடுவில் தப்பிவிடுவார்கள். ஓரத்து நாற்காலியில் இருந்த பாட்டியும் அந்தப் பக்கம் நின்ற தாய்மாமனும் காணாமல் போவார்கள். அப்படிக் காணாமல் போன ஒரு தாய்மாமன் ஸ்டுடியோவுக்கே வந்து நியாயம் கேட்டதை நான் பார்த்திருக்கிறேன். படத்தின் விகிதம் மாறாமல் அடுக்கும் மேசனரி, ஜஸ்டிஃபைடு அமைப்புகள் இதற்கென்றே இருக்கின்றன. பட்டுச்சேலை விற்பவருக்கோ ஜரிகை தெரியும் அளவுக்குப் பெரிதாக்கிப் பார்க்கும் வசதிதான் முக்கியம். தேவை ஆளுக்கு ஆள் மாறும். அதைக் கேட்டறியும் பொறுமை உனக்கு வேண்டும்.

2. கையில் இருப்பதைக் குறைவாக எண்ணாதே. வேர்ட்பிரஸில் 2008-இல் வந்த 2.5 பதிப்பிலிருந்தே கேலரி உண்டு. 2018 கடைசியில் வந்த 5.0 பதிப்பில் அது கேலரி பிளாக் ஆனது. 2023-இல் வந்த 6.4-லிருந்து, படத்தைத் தொட்டால் திரை நிறையப் பெரிதாகும் வசதியும் சேர்ந்தது. இருபது முப்பது படம் காட்டும் தளத்துக்கு இதற்கு மேல் ஒன்றும் தேவைப்படாது. புதிதாகத் தொழிலுக்கு வருபவர்களுக்கு, எதையாவது நிறுவினால்தான் வேலை செய்ததாகத் தோன்றும். வேண்டாததைச் சேர்க்காமல் விடுவதும் வேலைதான், மகளே. அதற்கும் நீ கூலி கேட்கலாம்.

3. நுழையும்போதே வெளியேறும் வழியைப் பார். வாடகை வீடு பார்க்கப் போனால் காலி செய்யும்போது அட்வான்ஸ் திரும்ப வருமா என்று கேட்பாயல்லவா, ப்ளகினிடமும் அதைக் கேள். படங்களை அது எங்கே வைக்கிறது? நெக்ஸ்ட்ஜென் கேலரி என்ற ப்ளகின் தனக்கென்று தனிக் கோப்புறையும் தனி டேட்டாபேஸ் அட்டவணைகளும் வைத்துக்கொள்ளும். ஆயிரக்கணக்கான படங்களை ஆல்பம் ஆல்பமாகக் கையாள அது வசதிதான். ஆனால் வேறிடம் மாறும் நாளில் படங்களை வேர்ட்பிரஸின் மீடியா லைப்ரரிக்குக் கொண்டுவருவது தனி வேலையாகிவிடும். மீடியா லைப்ரரியையே பயன்படுத்தும் ப்ளகின்களில் படம் பத்திரமாக இருக்கும். வரிசையும் அமைப்பும் போய்விடலாம். பக்கத்தில் படம் இருந்த இடத்தில் சதுர அடைப்புக்குறிக்குள் ஒரு ஷார்ட்கோடு மட்டும் அனாதையாய் நிற்கும். ஆகவே, சோதனைத் தளத்தில் பத்துப் படம் ஏற்று, ப்ளகினை முடக்கு, பக்கத்தைத் திறந்து என்ன மிஞ்சியிருக்கிறது என்று பார். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று பெரியவர்கள் சொன்னது இதற்கும் பொருந்தும்.

4. பகட்டுக்கு ஆயுள் குறைவு. 2000-களில் ஃப்ளாஷ் கேலரி என்றால் எல்லோருக்கும் ஒரு மோகம். பக்கம் புரளும், படம் பறந்து வரும், பின்னால் வீணை வாசிக்கும். 2007-இல் ஐபோன் வந்தது; அதில் ஃப்ளாஷ் ஓடவில்லை, கடைசிவரை ஓடவே இல்லை. 2020 டிசம்பர் 31-ஆம் தேதியோடு அடோபி நிறுவனமே அதற்கு மூடுவிழா நடத்திவிட்டது. ஆசை ஆசையாய்க் கட்டிய பக்கங்களெல்லாம் வெற்றுக் கட்டங்களாயின. அதே காலத்தில், 2005-இல், லோகேஷ் தாகர் என்ற நிரலாளர் லைட்பாக்ஸ் என்று ஒன்றை எழுதினார். பின்னணியை இருட்டாக்கிப் படத்தை முன்னே நிறுத்தும், அவ்வளவுதான். அந்த எளிய யோசனை இன்றும் எல்லா கேலரியிலும் இருக்கிறது. பார்ப்பவர் கண் படத்தில் நிற்கவேண்டும். உன் சாமர்த்தியத்தில் நிற்கக்கூடாது.

5. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு. கேமராவிலிருந்து வரும் ஒரு படம் பத்து எம்பிக்கு மேலும் இருக்கும். முப்பதை அப்படியே ஏற்றினால், பஸ்ஸில் உட்கார்ந்து மொபைல் டேட்டாவில் பார்க்கும் பெண்வீட்டார் கதி என்ன? வேர்ட்பிரஸ் இதில் நிறைய உதவி செய்கிறது. 4.4 பதிப்பிலிருந்து திரைக்கேற்ற அளவில் படத்தை அனுப்புகிறது, 5.3-லிருந்து 2560 பிக்சலுக்கு மேற்பட்டதைச் சுருக்கி வைக்கிறது, 5.5-லிருந்து கீழே உள்ள படங்களை அங்கே வரும்போது மட்டும் இறக்குகிறது, 5.8-லிருந்து வெப்பி (WebP) என்ற படக்கோப்பு வகையை ஏற்கிறது. படங்களைக் காட்டத் தனி வழி வைத்துக்கொள்ளும் சில ப்ளகின்களில் இந்த வசதிகள் கிடைக்காமல் போகும். அதனால் பிரவுசரின் டெவலப்பர் டூல்ஸில் நெட்வொர்க் பகுதியைத் திறந்து, ஒரு சிறு கட்டத்துக்கு எத்தனை கேபி இறங்குகிறது என்று நீயே பார். பக்கத்தின் முக்கியப் பகுதி 2.5 விநாடிக்குள் தெரிவதைத்தான் கூகுள் நல்ல வேகம் என்கிறது. ஆபீஸ் வைஃபையில் சோதித்துத் திருப்திப்படாதே. வீட்டிலேயே பழைய போன் யாரிடம் இருக்கிறதோ அவரிடம் கொடுத்துத் திறக்கச் சொல்.

6. நட்சத்திரத்தைப் பார்க்காதே, ஆளை விசாரி. வேர்ட்பிரஸ் ப்ளகின் பக்கத்தில் கடைசியாக எப்போது அப்டேட் ஆனது, எந்தப் பதிப்புவரை சோதித்திருக்கிறார்கள், எத்தனை தளங்களில் ஓடுகிறது என்ற விவரமெல்லாம் இருக்கும். அண்மைய மூன்று பெரிய பதிப்புகளில் சோதிக்கப்படாதது என்றால் எச்சரிக்கையே போட்டிருப்பார்கள். அதைவிட முக்கியம் சப்போர்ட் பகுதி. விவரம் தெரியாமல் கோபமாய்க் கேட்பவருக்கும் ப்ளகின் எழுதியவர் நிதானமாய்ப் பதில் சொல்லியிருக்கிறாரா என்று படித்துப் பார். நாளை நீயும் அங்கே போய் நிற்கவேண்டி வரும். ப்ளகின்கள் கை மாறுவதும் சகஜம்: அலெக்ஸ் ராபே தொடங்கிய நெக்ஸ்ட்ஜென் பிறகு போட்டோகிராட்டியிடம் போனது, அந்த நிறுவனம் இமேஜ்லி என்று பெயர் மாற்றிக்கொண்டது. கை மாறுவது குற்றமில்லை. மாறிய பிறகு வரும் அப்டேட்டின் சேஞ்ச்லாகைப் படிக்காமல் விடுவதுதான் குற்றம்.

7. பாதுகாப்பில் சோம்பல் ஆகாது. படத்தின் அளவை மாற்றித்தரும் டிம்தம்ப் என்ற சிறு நிரல் ஒரு காலத்தில் எண்ணற்ற தீம்களுக்குள் இருந்தது. 2011-இல் அதன் ஓட்டை வழியே தளங்களுக்குள் புகுந்தார்கள். பலருக்குத் தங்கள் தளத்தில் அந்த நிரல் இருப்பதே அதுவரை தெரியாது. 2017-இல் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட தளங்களில் இருந்த நெக்ஸ்ட்ஜென்னில் ஒரு பெரிய ஓட்டையை சுகுரி என்ற பாதுகாப்பு நிறுவனம் கண்டு சொன்னது. சரிசெய்த பதிப்பும் வந்தது. ஓட்டை எதிலும் வரும். அடைத்த பதிப்பை நீ போட்டாயா என்பதுதான் கேள்வி. முடக்கி வைத்த ப்ளகின் கோப்புறையில் இருந்துகொண்டேதான் இருக்கும், வேண்டாமென்றால் அழித்துவிடு. காசு கொடுத்து வாங்கவேண்டிய ப்ளகினை ‘நல்டு’ என்று, லைசென்ஸ் பூட்டை உடைத்து, எவனாவது இலவசமாய்க் கொடுத்தால் தொடாதே. அவன் உள்ளே என்ன வைத்திருக்கிறான் என்று உனக்குத் தெரியாது.

8. காசுப் பேச்சை முதல் நாளே பேசு. இலவசமாய்க் கிடைப்பதில் பாதி வசதி பூட்டியிருக்கும். வாட்டர்மார்க், வாடிக்கையாளர் படம் தேர்ந்தெடுக்கும் வசதி, படம் விற்பது என்று ஒவ்வொன்றாய் ‘ப்ரோ’வில் வைத்திருப்பார்கள். பெரும்பாலும் ஆண்டுச் சந்தா. அது முடிந்தால் ப்ளகின் நின்றுவிடுமா, அப்டேட் மட்டும் நிற்குமா என்று வாங்கும் முன்பே படித்துவிடு. லைசென்ஸை உன் பெயரில் வாங்காதே. வாடிக்கையாளர் பெயரில், அவர் மின்னஞ்சலில் வாங்கிக் கொடு. வடிவமைப்பாளர் ஊரை விட்டுப் போனபின் லைசென்ஸ் யாரிடம் இருக்கிறது என்று தெரியாமல், மூன்று பேருக்குப் போன் போட்டுக்கொண்டிருந்த ஒரு ஸ்டுடியோக்காரரை எனக்குத் தெரியும். வாடிக்கையாளர் உன்னை நம்பி இருக்கலாம். உன்னிடம் மாட்டிக்கொண்டு இருக்கக்கூடாது.

9. படத்தில் இருப்பவர்களையும் நினை. போனில் எடுக்கும் படத்துக்குள் எடுத்த இடத்தின் ஜிபிஎஸ் விவரம் ஒளிந்திருக்கலாம். பெரிதாக்கும்போது மூலக் கோப்பையே காட்டும் கேலரியில் அந்த விவரமும் சேர்ந்து ஊருக்குப் போகும். வீட்டில் எடுத்த குழந்தையின் பிறந்தநாள் படம் என்றால் யோசித்துப் பார். ஏற்றும் முன்பே அதை நீக்கிவிடு. ரைட் கிளிக்கை முடக்கினால் படம் திருடுபோகாது என்பது வெறும் நம்பிக்கை. ஸ்கிரீன்ஷாட் எடுக்க ஒரு நொடி போதும். பாஸ்வேர்டு போட்ட பக்கத்திலும் பக்கம்தான் பூட்டியிருக்கும்; படக்கோப்பின் நேர் முகவரி தெரிந்தவர் திறந்துவிடலாம். இன்னொன்று: நம் 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவுப்படி, காசு கொடுத்து எடுக்கச்சொன்ன படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, எடுக்கச் சொன்னவரே முதல் உரிமையாளர். ஸ்டுடியோக்காரர் படத்தைத் தளத்தில் போடக் கல்யாணவீட்டாரின் சம்மதம் எழுத்தில் இருக்கிறதா என்று கேள். கேட்பதற்குக் கூச்சப்படாதே.

10. கண் தெரியாதவரும் உன் வாசகர்தான். திரை வாசிப்பான் பயன்படுத்துபவருக்குப் படம் என்பது நீ எழுதும் ஆல்ட் டெக்ஸ்ட்தான். அதை எழுதாமல் விட்டால், பல நேரம் கோப்பின் பெயரையும் எண்ணையும்தான் அது வாசித்துக்காட்டும். ‘மணமேடையில் தாலி கட்டும் மாப்பிள்ளை, பின்னால் விளக்கேந்தி நிற்கும் நாத்தனார்’ என்று எழுதினால் அவரும் கல்யாணத்துக்கு வந்தவராகிறார். மீடியா லைப்ரரியில் எழுதியதை ப்ளகின் எடுத்துக்கொள்கிறதா என்று பார். மவுஸைத் தள்ளி வைத்துவிட்டு விசைப்பலகையில் மட்டும் கேலரியைத் திறந்து மூடிப் பார். போனில் பேக் பொத்தானை அழுத்தினால் படம் மட்டும் மூடுகிறதா, பக்கமே போய்விடுகிறதா என்றும் பார். யாரும் பாராட்டாத வேலை இது, ஆனாலும் செய்.

கடைசியாக ஒன்று சொல்லி முடிக்கிறேன். படங்களின் மூலக் கோப்புகள் ஸ்டுடியோவின் ஹார்ட் டிஸ்கில் ஒரு பிரதியும், வேறோரிடத்தில் இன்னொரு பிரதியும் இருப்பதை உறுதி செய்யாமல் தளத்தை ஒப்படைக்காதே. ப்ளகின் பெயர் கேட்டாயே, என் தீர்ப்பு இதுதான்: கேலரி பிளாக்கில் தொடங்கு. அது போதவில்லை என்று வாடிக்கையாளரே காரணத்தோடு சொல்லும் நாளில், அந்தக் காரணத்துக்கு மட்டும் ஒரு ப்ளகினைத் தேடு.