தவளைக் காலில் இருந்து வை-ஃபை வரை

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கி, வை-ஃபை ரவுட்டரும் பொருத்தியவுடன் பலருக்கும் ஒரு பயம் வருகிறது. இந்த அலைகள் உடம்பைப் பாதிக்குமா? குழந்தை தூங்கும் அறையில் ரவுட்டரை வைக்கலாமா? மின்சாரத்திற்கும் உயிருக்கும் என்ன தொடர்பு என்ற கேள்வி கம்ப்யூட்டரை விட மிகப் பழையது. அங்கிருந்தே தொடங்குவோம்.

இத்தாலியின் போலோக்னா நகரில் கால்வானி என்ற மருத்துவர், பித்தளைக் கொக்கியில் மாட்டிய தவளைக் கால் இரும்பில் பட்டவுடன் துடிப்பதைக் கண்டார். விலங்கின் உடலிலேயே மின்சாரம் இருக்கிறது என்று 1791ல் எழுதினார். வோல்டா இதை ஏற்கவில்லை. மின்சாரம் அந்த இரண்டு உலோகங்களில் இருந்துதான் வருகிறது என்றார். அதை நிரூபிக்கப் போய் 1800ல் பேட்டரியையே உருவாக்கிவிட்டார். (உங்கள் லேப்டாப் பேட்டரிக்காக அந்தத் தவளைக்கும் ஒரு நன்றி சொல்லுங்கள்!) உண்மையில் இருவர் சொன்னதிலும் பாதி சரி. நம் நரம்பும் இதயமும் மின் துடிப்புகளால்தான் இயங்குகின்றன. ஈ.சி.ஜி.யில் பதிவாவது அதுதான்.

1820ல் ஓர்ஸ்டெட், மின்சாரம் பாயும் கம்பியின் அருகே காந்த ஊசி திரும்புவதைக் கண்டார். 1831ல் ஃபாரடே, காந்தத்தை நகர்த்திக் கம்பியில் மின்சாரம் எடுத்தார். இரண்டையும் கணக்கில் இணைத்த மேக்ஸ்வெல், ஒளியும் ஒரு மின்காந்த அலையே என்று 1865ல் எழுதினார். கண்ணுக்குத் தெரியாத அத்தகைய அலைகளை 1888 வாக்கில் உண்டாக்கிக் காட்டியவர் ஹெர்ட்ஸ். உங்கள் ப்ராசஸரின் வேகத்தைச் சொல்லும் கிகாஹெர்ட்ஸில் இருப்பது அவர் பெயர்தான்.

ஆக வை-ஃபை, வெளிச்சம், எக்ஸ்ரே மூன்றும் ஒரே குடும்பம். வித்தியாசம் அதிர்வெண்ணில்தான். வை-ஃபை அலை நொடிக்கு 240 கோடி முறை அதிர்கிறது (2.4 கிகாஹெர்ட்ஸ்). வெளிச்சமோ அதைப் போல சுமார் 2 லட்சம் மடங்கு. எக்ஸ்ரே அதற்கும் மேலே. அதிர்வெண் கூடினால்தான் டி.என்.ஏ.வை உடைக்கும் வலு வரும். வை-ஃபைக்கு அது கிடையாது. அதனால் முடிவதெல்லாம் சூடாக்குவதுதான். மைக்ரோவேவ் அடுப்பும் ஏறக்குறைய இதே அதிர்வெண்ணில்தான் சமைக்கிறது. ஆனால் அதன் சக்தி 700, 800 வாட். வீட்டு ரவுட்டர் வெளியிடுவது பெரும்பாலும் ஒரு வாட்டுக்கும் குறைவு. தள்ளிப் போகப் போக அதுவும் வேகமாகக் குறையும்.

2011ல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, ரேடியோ அலைகளை 'புற்றுநோய்க்குக் காரணமாக இருக்கக் கூடும்' என்ற பிரிவில் சேர்த்தது உண்மை. அது நிரூபணம் அல்ல. மனம் ஒப்பவில்லை என்றால் ரவுட்டரைக் கூடத்து அலமாரியில் வையுங்கள். அங்கிருந்து எல்லா அறைக்கும் சிக்னலும் நன்றாகக் கிடைக்கும்.

நிஜமாகவே கவனம் தேவைப்படுவது, வீட்டில் யாருக்காவது இதயத்தில் பேஸ்மேக்கர் இருந்தால். மொபைல் போன், ஹெட்போன் போன்றவற்றில் உள்ள காந்தம், மிக அருகில் வந்தால் பேஸ்மேக்கர் இயங்கும் விதத்தை மாற்றக் கூடும். அவர்கள் போனைச் சட்டைப் பையில் வைக்கக் கூடாது. குறைந்தது 15 செ.மீ. தள்ளியே இருக்கட்டும்.