பழைய ஸ்பிளெண்டரை விற்கலாமா?

கேள்வி: 2014-இல் வாங்கிய ஸ்பிளெண்டர் வைத்திருக்கிறேன். இழுவை குறைந்துவிட்டது, கைப்பிடி நடுங்குகிறது. செலவு செய்து சரிபார்ப்பதா, 150 சிசி வண்டிக்கு மாறுவதா?

பதில்: இழுவைக் குறைவும் நடுக்கமும் வண்டியை விற்கக் காரணமல்ல. கோன் செட், தேய்ந்த டயர், முன் ஃபோர்க்கின் ஆயில் சீல், இவற்றைப் பார்த்தாலே நடுக்கம் பெரும்பாலும் போய்விடும். இழுவைக்குக் கார்புரேட்டர், ஏர் ஃபில்டர், கிளட்ச் பிளேட், செயின் ஸ்பிராக்கெட் என்று வரிசையாகப் பாருங்கள். புகைக்குழாயில் நீலப்புகை வந்தால்தான் ஆயில் எரிகிறது என்று பொருள்; அப்போது பிஸ்டன் ரிங் வரை போக வேண்டியிருக்கும். அதுவும் புது வண்டியின் விலையில் சிறு பங்குதான். ஆர்.சி.யும் 15 ஆண்டு செல்லும், உங்களுக்கு 2029 வரை கவலையில்லை.

ஆனால் எந்தச் சாலையில் ஓட்டுகிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லையே! ஊருக்குள் மட்டும் என்றால் தயங்காமல் சரிபார்த்து ஓட்டுங்கள். தினமும் நான்குவழிச் சாலையில், அதுவும் பின்னால் ஆளை வைத்துக்கொண்டு போகிறீர்கள் என்றால் மாறிவிடுங்கள். 97.2 சிசி இன்ஜினில் எண்பதைத் தொட்டபின் லாரியை முந்த மிச்சம் எதுவுமில்லை. டிரம் பிரேக்கும் அந்த வேகத்துக்குப் போதாது. 150 சிசி வண்டிகளில் 2019 ஏப்ரல் முதல் ஏ.பி.எஸ். கட்டாயம், மழையில் முன்சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்காமல் காப்பது அதுதான். பழைய வண்டியில் எவ்வளவு செலவழித்தாலும் இதைச் சேர்க்க முடியாது. சில பட்டறைகளில் டிஸ்க் மாட்டித் தருகிறேன் என்பார்கள், தயவுசெய்து ஒப்புக்கொள்ளாதீர்கள்.